நேற்று இருந்த கட்டடம்

சனிக்கிழமை பின்னேரம் ஆறரை மணி. ஏழரைக்குள் பைல் பிரிண்ட் கடைக்குப் போகவேண்டும். அண்ணா சைட் பிளானைத் திறந்தார். காணி இருந்தது, ரோட்டு இருந்தது, நடுவில் கட்டடம் மட்டும் இல்லை. அது இருக்கவேண்டிய இடத்தில் ஒரே ஒரு எழுத்து வரி. ஏதோ ஒரு பைலின் முகவரி.

"என்ன தங்கச்சி இது? நேத்து இருந்திச்சே."

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஆர்ட்ஸ். புவியியல் படிக்கிறேன். கிராண்ட்பாஸில் வீடு. கிழமையில் மூன்று நாள் பின்னேரம் கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு சின்ன டிராயிங் ஆபிஸில் வேலை. வேலை என்றால் பெரிசா ஒன்றுமில்லை. ஸ்கேன் பண்ணுவது, பைல்களுக்குப் பெயர் வைப்பது, அண்ணா சொல்லும் கோட்டை இழுப்பது. பஸ் காசுக்கும் போட்டோகொப்பிக்கும் காணும். ஓட்டோகேட்டை நான் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. அண்ணாவுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்துதான் பழகினேன்.

கட்டடம் ஏன் காணாமல் போகிறது என்று விளங்க, எக்ஸ்ரெஃப் என்றால் என்னவென்று தெரியவேண்டும். ஒரு பெரிய வேலையை ஒரே பைலில் கீறமாட்டார்கள். நில அளவையாளர் காணியை ஒரு பைலில் தருவார். ஆர்க்கிடெக்ட் கட்டடத்தை இன்னொரு பைலில் தருவார். நாங்கள் மூன்றாவது பைலைத் திறந்து, அந்த இரண்டையும் அதற்குள் காட்டுவோம். காட்டுவது மட்டும்தான், கொப்பி பண்ணுவதில்லை. ஆர்க்கிடெக்ட் தன்னுடைய பைலில் ஒரு கதவை மாற்றினால், அடுத்த முறை எங்கள் பைலைத் திறக்கும்போது அந்தக் கதவும் மாறியிருக்கும். 1990-இல் வந்த ஓட்டோகேட் ரிலீஸ் 11-இல் இருந்து இந்த வசதி இருக்கிறது. நல்ல வசதி. ஆனால் கொப்பி உங்களிடம் இல்லை என்பதால், காட்டுகிற பாதையில் எங்காவது ஒரு இடம் பிசகினாலும் ஒன்றுமே தெரியாது.

அன்றைக்கு எங்களுக்கு ஒரு இடம் இல்லை, நாலு இடம் பிசகியிருந்தது.

முதலாவது லேசு. கட்டட பைல் ஒரு பென் டிரைவில் இருந்தது. நேற்று அந்த பென் டிரைவ் ஈ டிரைவ் என்று வந்தது, இன்றைக்கு எஃப் என்று வந்தது. எங்கள் பைலோ இன்னும் ஈ-க்குப் போய்த் தட்டிக்கொண்டிருந்தது. அதனால்தான் கட்டடத்துக்குப் பதிலாக அந்த முகவரி வரி. எல்லாப் பைல்களையும் ஒரே ஃபோல்டருக்குள் போட்டு, முழு முகவரியை எடுத்துவிட்டு, "எனக்குப் பக்கத்தில் இருக்கிறதைப் பார்" என்கிற மாதிரி உறவு முகவரி கொடுத்தோம். 2018 வெர்ஷனில் இருந்து ஓட்டோகேட் தானாகவே இப்படித்தான் கொடுக்கிறது. எங்களுடையது அதற்கு முந்தியது.

பட்டியலில் 'லோடட்' என்று வந்தது. சந்தோஷப்பட்டோம். திரையில் இன்னும் ஒன்றுமில்லை.

முழுவதையும் காட்டு என்று ஸூம் பண்ணினால், கறுப்புத் திரையில் இரண்டு புள்ளிகள். இடது கீழ் மூலையில் ஒன்று, வலது மேல் மூலையில் ஒன்று. அண்ணா தலையில் கை வைத்தார். எனக்கோ சிரிப்பு வந்தது. ஏனென்றால் வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் படித்த பாடம் ஒரு வேலைக்கு உதவப்போகிறது.

இலங்கையின் தேசிய ஆள்கூற்று முறைக்குத் தொடக்கம் பிதுருதலாகல மலை. நாட்டில் எந்த இடத்தை அளந்தாலும் எண் கழித்தலில் போகக்கூடாது என்பதற்காக, அந்த மலைக்குச் சுழியம் கொடுக்காமல் ஒரு பெரிய எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். பழைய முறையில் கிழக்குக்கும் வடக்குக்கும் 200,000 மீற்றர். 1999-இன் புதிய முறையில் 500,000 மீற்றர். ஆகவே அதே கிராண்ட்பாஸ் காணி, பழைய பிளானில் கிழக்கு 100,000 பக்கத்திலும் புதிய பிளானில் 400,000 பக்கத்திலும் நிற்கும். நில அளவையாளர் புதியதில் தந்திருந்தார். ஆர்க்கிடெக்டோ யாரோ கொடுத்த பழைய பிளானின் மேல் கட்டடத்தை வைத்திருந்தார். அதாவது எங்கள் கட்டடம் காணாமல் போகவில்லை. காணியில் இருந்து மேற்கே 300 கிலோமீற்றர், தெற்கே 300 கிலோமீற்றர் தள்ளி நடுக்கடலில் நின்றது.

வெறுமனே 300,000-ஐக் கூட்டினால் கிட்டத்தான் வரும், சரியாக வராது. இரண்டு பிளானிலும் இருக்கும் இரண்டு எல்லைக்கற்களைப் பிடித்து, அலைன் கட்டளையால் ஒன்றின் மேல் ஒன்றைப் பொருத்தினோம். அளவை மாற்றவா என்று கேட்டதற்கு 'இல்லை' கொடுத்தோம். இதைப் போலவே இன்னொரு வில்லங்கம் அலகு. ஒருவர் மீற்றரில் கீறி, மற்றவர் மில்லிமீற்றரில் கீறி, அதைப் பைலில் சரியாகக் குறிக்காமல் விட்டால், ஆயிரம் மடங்கு வித்தியாசம் வரும். பன்னிரண்டு மீற்றர் வீடு பன்னிரண்டு மில்லிமீற்றராகி, ஒரு எறும்பு அளவில் எங்கேயாவது கிடக்கும். அது அன்றைக்கு நடக்கவில்லை, கடவுளே என்று.

மூன்றாவது, கட்டடம் வந்தது, சுவர்கள் வரவில்லை. சில இடத்தில் வெறும் பெட்டிகள். ஆர்க்கிடெக்ட் பாவிப்பது கட்டடங்களுக்கென்றே செய்த வெர்ஷன். அதில் சுவர் என்றால் இரண்டு கோடு இல்லை. தான் சுவர் என்றும், தன் உயரம், தடிப்பு எவ்வளவென்றும் அறிந்த ஒரு பொருள். எங்கள் பழைய ஓட்டோகேட்டுக்கு அந்தப் பாஷை தெரியாது. தெரியாததைப் பெட்டியாகக் காட்டும், இல்லையென்றால் காட்டாமல் விடும். வெள்ளவத்தைக்குக் கோல் எடுத்து, எல்லாவற்றையும் சாதாரண கோடுகளாக்கி எக்ஸ்போர்ட் பண்ணித் தரச் சொன்னோம். பத்து நிமிஷத்தில் வந்தது. படிக்கட்டு மட்டும் அதில் இல்லை. படிக்கட்டை அவர் 'ஓவர்லே' முறையில் இணைத்திருந்தார். அப்படி இணைத்தது அவருடைய பைலில் தெரியும், அதை எடுத்துப் பாவிக்கும் எங்களுக்கு வராது. படிக்கட்டு பைலைத் தனியாக வாங்கி நாங்களே இணைத்தோம்.

மணி ஏழு பத்து. அண்ணா பிரிண்டுக்குக் கொடுக்கப் போனார். நான் கடைசியாக ஒரு தரம் பார்த்தேன்.

காணிக்குப் பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். அந்தக் காணி, பழைய ஸ்டோர் ஒன்று இருந்த இடம். அதற்குப் பின்னால் இருப்பது எங்கட தோட்டம். கொழும்புக்கு வெளியில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு: இங்கே தோட்டம் என்றால் பூந்தோட்டமோ தேயிலைத் தோட்டமோ இல்லை. ஒரு ஒழுங்கைக்குள் சுவரோடு சுவர் ஒட்டின வீடுகள், சிங்களத்தில் வத்த. நகர அபிவிருத்தி அதிகார சபை எடுத்த கணக்கில், கொழும்பில் வசதி குறைந்த குடியிருப்புகள் என்று எழுதப்பட்ட இப்படியான இடங்களில் 68,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள். அதில் எங்கட வீடும் ஒன்று. அந்தத் திரையில் அது இல்லை.

அப்போது நான் செய்தது, அண்ணா முதல் மாதமே சொல்லித்தந்த ஒரு விஷயம்: ஒன்று தெரியவில்லை என்றால், அது வந்த மூலப் பைலைத் தனியாகத் திறந்து பார். அங்கேயும் இல்லை என்றால் கீறினவரைக் கேட்கவேண்டும். அங்கே இருந்தால் பிழை எங்களிடம். நில அளவையாளரின் பைலைத் திறந்தேன். எல்லாம் இருந்தது. வீடுகள், பொதுப் பைப், கோயில் மாடம், அதோடு ஸ்டோர் காணியின் ஓரமாக ரோட்டுக்கு வரும் எட்டடி ஒழுங்கை, விட்டு விட்டுப் போகும் கோட்டில்.

எங்கள் பைலில் அந்த லேயருக்குப் பக்கத்தில் பனிப்பூ அடையாளம். ஃப்ரீஸ் பண்ணியிருக்கிறது. நீங்கள் இணைத்த பைலின் ஒரு லேயரை மறைத்தால், ஓட்டோகேட் அதை உங்கள் பைலிலேயே ஞாபகம் வைத்துக்கொள்ளும். அந்த லேயர் மூலப் பைலில் ஆயிரம் தரம் வெளிச்சமாக இருந்தாலும் உங்களிடம் மறைந்தே கிடக்கும். பிழையில்லை, அதற்கென்றே உள்ள அமைப்பு அது.

அடையாளத்தை அமத்தினேன். வீடுகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒழுங்கையும் வந்தது. ஒழுங்கையின் வாய்க்குக் குறுக்காக, எங்கள் ஆபிஸ் கீறின புது மதில்.

அந்த ஒழுங்கையால்தான் காஸ் சிலிண்டர் வரும். வெள்ளம் வந்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போவது அதால்தான். அம்மம்மாவின் பெட்டி போனதும் அதால்தான். பெட்டியைத் திருப்ப இடம் காணாமல், முன்னுக்கு நின்ற மாமா பின்பக்கமாகவே நடந்து போனார்.

"அண்ணா, கொஞ்சம் பொறுங்க" என்றேன். வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. பிறகு, "இது உங்கட பக்கமா?" என்று கேட்டார். ஓம் என்றேன். யார் ஃப்ரீஸ் பண்ணினது என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். மூன்று மாதத்துக்கு முன் கிளையண்டுக்குக் காட்டுவதற்கு ஒரு படம் வேண்டியிருந்தது. பின்பக்கம் கசகசவென்று இருக்குது, துப்பரவாகத் தெரியட்டும் என்று மறைத்தார்களாம். திரும்பத் திறக்க மறந்துபோனது. மதில் கீறினவருக்கு அங்கே ஒழுங்கை இருப்பதே தெரியாது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது பிடிக்கலாம்.

பிரிண்ட் அன்றைக்குப் போகவில்லை. திங்கள் சேர் வந்து பார்த்தார். ஒழுங்கையை முழு நீளத்துக்கும் சிவப்பில் சுற்றினார். "கிளையண்டோட கதைக்கணும்" என்றார். பிறகு வந்த பைலில் மதில் உள்ளுக்குத் தள்ளி இருக்கிறது. அது அப்படியே கட்டப்படுமா என்று எனக்குச் சொல்ல ஏலாது. காணியில் இன்னும் ஒரு கல்லும் வைக்கவில்லை.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். முந்நூறு கிலோமீற்றர் கதையை ரசித்துக் கேட்டார். ஒழுங்கைக் கதைக்கு, "அவங்க பேப்பர்ல நாங்க எப்ப இருந்தோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அரிசி கழுவப் போய்விட்டார். இருந்தோம் அம்மா, அளந்தவர் ஒழுங்காகத்தான் கீறியிருந்தார், நாங்கள்தான் மறைத்தோம் என்று சொல்ல நினைத்தேன். அந்த 'நாங்கள்' யார் என்பதில் எனக்கே நாக்குத் தடுக்கியது. சம்பளம் வாங்குவது நானும்தானே.

கிராண்ட்பாஸ் என்ற பெயர் போர்த்துக்கேயர் வைத்தது. களனி கங்கையைக் கடக்கும் பெரிய கடவை என்ற கருத்து. எங்கட எட்டடிக்குப் பெயர் இல்லை. இப்போது எந்தப் பைலைத் திறந்தாலும் நான் முதலில் செய்வது ஒன்றுதான்: லேயர் பட்டியலை மேலிருந்து கீழே உருட்டி, பனிப்பூ எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்ப்பது. அண்ணா கேலி பண்ணுவார். இரண்டு நிமிஷம்தான் ஆகும்.