56 மில்லிமீட்டர்

நாக்பூருக்கு மாற்றலாகி வந்து நாலாவது வருஷம். போன மாசம் பள்ளிக்கூடக் கூடைப்பந்து டீமுக்காகப் பையனுக்கு எக்கோ எடுக்கச் சொன்னார்கள். ரிப்போர்ட்டில் இதயத்தின் இடது கீழறை அகலம் 56 மி.மீ. பக்கத்திலேயே 'நார்மல் 35-55' என்று அச்சடித்திருந்தது. கீழே, 'லேசாகப் பெரிதாகியுள்ளது' என்று ஒரு வரி. அவ்வளவுதான், தங்கமணி அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஊரில் அம்மாவிடம் மூச்சு விடவில்லை. பையன் ஷூவைப் பரணில் போட்டுவிட்டான்.

குழந்தைகளுக்கான இதய டாக்டர் முதலில் கேட்டது உயரமும் எடையும்தான். வயசு 15, 180 செ.மீ., 72 கிலோ. இரண்டையும் பெருக்கி, 3600-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தார். உடல் பரப்பு 1.9 சதுர மீட்டர். அந்த உடம்புக்குச் சராசரியே 52 மி.மீ. கிட்ட வருமாம். இவனுடைய இஸட் ஸ்கோர் +1-க்குள். +2 வரை கவலையில்லை.

"இதே 56, 150 செ.மீ., 40 கிலோ பிள்ளைக்கு இருந்தால் ஸ்கோர் 3-ஐத் தாண்டும். விடமாட்டேன்" என்றார். பருவம் வந்தபின் அதே உயரம், எடையில் பையனுக்குத் தசை அதிகம், இதயமும் சற்றுப் பெரிது. பையன்கள் அளவை வைத்துப் பெண்ணைப் பார்த்தால், பெரிதான இதயமும் நார்மலாகத் தெரியுமாம். எடை கொழுப்பாக இருந்தால் பரப்புக் கணக்கும் ஏமாற்றும்.

வாராக்கடன் 50 லட்சம் என்றால், "மொத்தக் கடன் எவ்வளவு?" என்று முதலில் கேட்கிற பேங்க்காரன் நான். பெற்ற பிள்ளை விஷயத்தில் அந்தக் கேள்வி தோன்றவேயில்லை.

பரணிலிருந்து ஷூவை நானே இறக்கினேன்.