முதல் வேட்டை

நமீபியாவுக்கு முதன்முறை வேட்டைக்குச் செல்பவர் முதல் நாள் சுடுவது ஓர் அட்டை இலக்கை. பயணத்தில் துப்பாக்கியின் குறி பிசகியிருக்கலாம்; வந்தவரின் கை எத்தகையது என்பதையும் வழிகாட்டி அங்கேயே அறிந்துகொள்கிறார். அதன்பின் நாள்கணக்கில் நடை. தடம் காண்பவர் முன்செல்ல, காற்றுக்கு எதிர்முகமாக நெருங்கி, மூன்று கோல்களின்மேல் துப்பாக்கியைத் தாங்கி நின்ற பிறகும், பின்னால் இன்னொரு விலங்கு நின்றால் ‘வேண்டாம்’ என்பார் வழிகாட்டி.

ஒரு விதி முன்னரே சொல்லப்பட்டுவிடுகிறது: குருதி சிந்திவிட்டால், விலங்கு அகப்படாவிடினும் முழுக் கட்டணம் உண்டு. படிக்கையில் அது பணக்கணக்கு. காயம்பட்ட ஓரிக்ஸ் மானின் தடத்தை அந்தி மறைக்கும்போது, தம்மால் செலுத்த முடிந்தது அந்தப் பணம் மட்டுமே என்பது அவருக்குப் புரிகிறது. விடியலில், தடம் காண்பவர் கடைசித் துளியிலிருந்து மீண்டும் தொடங்குகிறார்.