எந்திரிச்சியாய்யா?

நான் முதன்முதலில் உயரத்திலிருந்து குதித்தது நைட்டி மூட்டையின் மேல். தளவாய்புரத்தில் எங்கள் தெருவில் தையல் மிஷின் சத்தம் கேட்காத வீடு குறைவு. அப்பா ராஜபாளையத்து நூல்மில்லில் ஷிப்டு பார்த்தார். அம்மா வீட்டிலேயே பீஸ் கணக்குக்கு உள்பாவாடையும் நைட்டியும் தைத்தாள். மடித்துக் கட்டிய மூட்டைகள் வண்டிக்காகத் திண்ணையில் அடுக்கிக் கிடக்கும். நாங்கள் மச்சுப்படியில் ஏறி அவற்றின் மேல் குதிப்போம். இறுக்கிக் கட்டிய மூட்டை கல் மாதிரி இருக்கும், இடுப்பைப் பதம் பார்த்துவிடும். தளரக் கட்டியது ஆளை உள்ளே வாங்கிக்கொள்ளும். எதன் மேல் விழலாம், எதன் மேல் விழக் கூடாது என்பதை அந்தத் திண்ணையில்தான் படித்தேன்.

பல வருஷம் கழித்து, சென்னையில் ஒரு படப்பிடிப்பில் இரண்டாவது மாடியிலிருந்து அட்டைப்பெட்டி அடுக்கின் மேல் விழச் சொன்னார்கள். விழுவதற்கு முன்னால் கீழே இறங்கி, ஒவ்வொரு பெட்டியாக அழுத்திப் பார்த்தேன். "என்னடா, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி சுத்திச் சுத்தி வர்ற?" என்றார் சண்டை மாஸ்டர். நான் பார்த்தது பெட்டிகள் காலியாக இருக்கின்றனவா என்று. காலிப் பெட்டி மேலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக நசுங்கிக்கொண்டே போகும். அது நசுங்க எடுத்துக்கொள்ளும் நேரம்தான் எங்கள் எலும்புக்குக் கிடைக்கிற அவகாசம். அதே வேகத்தில் வருகிற உடம்பைத் தரை ஒரு நொடிப்பில் நிறுத்தினால் முதுகு போய்விடும். பெட்டி அதையே ஓராள் உயரத்துக்கு இழுத்து நிறுத்தினால் எழுந்து டீ குடிக்கப் போகலாம்.

என் வாத்தியாரிடம் கம்பு படிக்கச் சேர்ந்தபோது எனக்குப் பத்து வயது. கண்மாய்க் கரையில் சாயங்காலம் வகுப்பு. மேற்கே மலை கறுத்துக்கொண்டு வரும் நேரம். முதல் மூன்று மாதம் கம்பைத் தொடவே விடவில்லை. கால்மானம் மட்டும்தான். முன்னே, பின்னே, பக்கம், திரும்பு. "கம்பு கையில இல்லலே, காலுல இருக்கு" என்பார். நெற்றி உயரத்துக்கு ஒரு பிரம்பை அவர் கையால் வாங்கியபோது, அதைச் சுற்றத் தெரிவதற்குள் அதிலிருந்து விலகத் தெரிந்திருந்தது.

அவரிடம் ஒரு கட்டாயம் உண்டு. தொடுபோட்டியில் யார் யாரைக் கீழே தள்ளினாலும், தள்ளியவன்தான் போய்க் கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டும். தூக்கிவிட்ட பிறகுதான் அடுத்த சலாம் வரிசை. ஒருமுறை என்னைவிட மூத்த பையன் ஒருவனை விழத்தட்டிவிட்டு, சந்தோஷத்தில் கரையைச் சுற்றி ஓடினேன். அன்றைக்கு முழுக்க வாத்தியார் என்னோடு பேசவில்லை. பங்குனிப் பொங்கலுக்கு முளைப்பாரிக்கு முன்னால் கம்பு சுற்றிப் போகும் வரிசையிலும் அந்த வருஷம் எனக்கு இடமில்லை.

2005-இல் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னைக்குப் போனேன். வடபழனியைச் சுற்றி இரண்டு வருஷம் அலைந்து, கரணம் அடித்துக் காட்டி, கடன் வாங்கிப் பணம் கட்டி, சண்டைக் கலைஞர் யூனியன் கார்டு கைக்கு வந்தது. கார்டு வந்த கையோடு கிடைத்த வாய்ப்பிலேயே பெயரைக் கெடுத்துக்கொண்டேன். கம்புச் சண்டைக் காட்சி. கதாநாயகனுக்கு டூப் போட்டவர் கம்பைத் தூக்கினார். என் கை தானாகப் போய் அவர் விலாவில் ஒரு புள்ளி வைத்துவிட்டது. கண்மாய்க் கரையாக இருந்தால் பாராட்டு கிடைத்திருக்கும். இங்கே மாஸ்டர் ஓடி வந்தார். "தம்பி, உனக்கு நல்லா அடிக்கத் தெரியுது. அடிக்காம இருக்கத் தெரியுமா?"

அதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஐந்து வருஷம் ஆனது. சினிமா சண்டையில் குத்துக்கும் முகத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கும். அதைக் கேமரா பார்க்கக் கூடாது. அடிபடுகிறவனின் தோளுக்குப் பின்னால் கேமராவை வைத்து, கை அவன் முகத்தைக் குறுக்கே கடந்து போகும்படி வீசினால் அந்த ஒரு சாண் மறைந்துவிடும். பக்கவாட்டில் வைத்தால் பல் இளிக்கும். வைட் லென்ஸ் போட்டால் இடைவெளி இன்னும் அகலும். தூரத்தில் நின்று நீள லென்ஸில் எடுத்தால் இரண்டு பேரும் ஒட்டிக்கொள்வார்கள். இதெல்லாம் கேமராமேன் வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். லென்ஸ் என்னவென்று கேட்காமல் நிற்கிற ஃபைட்டர் கண்ணைக் கட்டிக்கொண்டு கம்பு சுற்றுகிறவன் என்று பிறகுதான் புரிந்தது.

கம்புக்கு இன்னொரு சிக்கல் உண்டு. நன்றாகச் சுற்றத் தெரிந்தவன் முழு வேகத்தில் சுற்றினால் திரையில் கம்பே தெரியாது. ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். ஒரு ஃபிரேம் பதிவாகிற நேரத்துக்குள் கம்பின் நுனி ஓரடி தூரம் ஓடிவிடும். திரையில் புகை மாதிரி ஒரு கோடுதான் விழும். அதனால் வேகத்தைக் குறைத்து, வீச்சைப் பெரிதாக்கி, ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஒரு கண நேரம் நிறுத்திக் காட்ட வேண்டும். 22 ஃபிரேமில் எடுத்து 24-இல் ஓட்டினால் குறைத்த வேகம் திரும்ப வந்துவிடும். பழைய படங்களின் சண்டைகளில் ஆட்கள் துறுதுறுவென்று ஓடுவதும் இந்தக் கணக்கினால்தான். வாத்தியார் இதைப் பார்த்திருந்தால் 'ஏமாத்து வேலை' என்றிருப்பார். நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் நினைத்தேன்.

எண்ணம் மாறியது விழ ஆரம்பித்த பிறகு. அடிக்கிறவன் எவ்வளவு அழகாகக் கை வீசினாலும், எதிரே நிற்கிறவன் அதை வாங்காவிட்டால் அது வெறும் காற்று. கழுத்து எந்தப் பக்கம் திரும்புகிறது, கால் எப்போது தரையை விடுகிறது, மூச்சு எங்கே வெளியேறுகிறது என்பதில்தான் அந்தக் குத்தின் எடை இருக்கிறது. தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, முழங்கையை ஊன்றாமல், முதுகும் புஜமும் ஒன்றாகத் தரையைத் தொடும்படி, உள்ளங்கையால் ஓங்கி அறைந்து விழ வேண்டும். நாயகனின் பலம் என்று தியேட்டரில் விசிலடிக்கிறார்களே, அது எதிரே விழுந்தவன் கொடுத்தது. ஆனால் விழுந்ததோடு அவன் கதை முடிந்தது. கேமரா நாயகனிடம் போய்விடும்.

என்னைத் திரையில் முதன்முதலில் பார்க்க அம்மாவை அக்கம்பக்கத்துப் பெண்கள் ராஜபாளையத்துக்குக் கூட்டிப் போனார்கள். ஓட்டுக்கூரையைப் பிய்த்துக்கொண்டு நான் கீழே விழுகிற காட்சி. விழுந்தேன், வெட்டிவிட்டார்கள். அடுத்த ஷாட்டில் பாட்டு வந்துவிட்டது. ராத்திரி பதினோரு மணிக்கு போன் அடித்தது. "ஐயா, எந்திரிச்சியாய்யா?" அது எடுத்து எட்டு மாதம் ஆகிறது, நான் இதோ சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "எந்திரிச்சதக் காட்டலியே" என்றாள்.

அந்தக் கேள்வியில் விளையாட்டில்லை என்பது போகப் போகத்தான் எனக்கு உறைத்தது. 2022 டிசம்பரில் ஒரு படப்பிடிப்பில் கயிறு அறுந்து விழுந்தவர் எழவில்லை. 2024 ஜூலையில் சென்னையில் ஏறத்தாழ இருபதடி உயரத்திலிருந்து விழுந்தவர் எழவில்லை. 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் கார் தாவும் காட்சியில் இன்னொருவர். மூவரும் எங்கள் தொழிலில் பல படம் பார்த்தவர்கள். அனுபவம் இருந்தால் கயிறு அறாது என்று எந்தக் கயிறும் எழுதிக் கொடுக்கவில்லை.

எங்கள் ஆட்களின் கதை நெடியது. கோயம்புத்தூர் சாண்டோ சின்னப்பா தேவர் உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து வந்து, 1947-இல் 'ராஜகுமாரி'யில் எம்.ஜி.ஆரோடு மோதினார். 1956-இல் 'தாய்க்குப் பின் தாரம்' எடுத்து முதலாளியானார். குடியாத்தத்து ஜூடோ ரத்தினம் 2023 ஜனவரியில் காலமாகும் வரை கோடம்பாக்கத்துக்கே வாத்தியார். சூப்பர் சுப்பராயன், விக்ரம் தர்மா என்று அவர் கையில் வளர்ந்தவர்களே ஒரு தலைமுறை மாஸ்டர்கள். ஆனால் 1954-இல் தொடங்கிய தேசிய விருதில் சண்டைக்கென்று ஓர் இடம் வந்தது 2016-ஆம் வருஷத்துப் படங்களுக்குத்தான். 'புலிமுருக'னுக்காகப் பீட்டர் ஹெயின் முதல் விருதை வாங்கினார். பிறகு 'கே.ஜி.எஃப்' இரண்டு பாகங்களுக்கும் அன்பறிவ் இரட்டையர் வாங்கினார்கள். ஆஸ்கரோ 2027-இல் வரும் படங்களிலிருந்துதான் கொடுக்கப் போகிறது. விழுந்தவனைத் திரும்பிப் பார்க்க உலகத்துக்கு இவ்வளவு நாள் பிடித்திருக்கிறது.

சண்டை அமைக்கிறவன் படம் இயக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சாட் ஸ்டாஹெல்ஸ்கி 'தி மேட்ரிக்ஸ்' படத்தில் கீனு ரீவ்ஸுக்கு டூப் போட்டவர். 2014-இல் அதே நடிகரை வைத்து 'ஜான் விக்' எடுத்தார். நம் ஊரில் ஸ்டண்ட் சில்வா 2021-இல் 'சித்திரைச் செவ்வானம்' எடுத்தார். அனல் அரசு 2025-இல் 'பீனிக்ஸ்' எடுத்தார். இதில் சில்வாவின் படம்தான் என்னை யோசிக்க வைத்தது. அத்தனை வருஷம் சண்டை அமைத்தவர் முதல் படமாக எடுத்தது ஓர் அப்பாவையும் மகளையும் பற்றிய கதை. முதலில் வியப்பாக இருந்தது. பிறகு, நாள் முழுக்க மாவாட்டுகிறவன் வீட்டில் இட்லி கேட்பதில்லையே என்று தோன்றியது. இன்னும் யோசித்தபோது வேறொன்று பட்டது. அடி விழுந்தால் வலி எங்கே போகும் என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஒரு குடும்பத்தின் மேல் விழுகிற அடி தெரியாமல் போகுமா?

எனக்கு இயக்கம் சொல்லிக் கொடுத்தது அம்மாவின் மிஷின். தையலில் பாதிச் சண்டை கட்டிங் மாஸ்டரோடுதான் நடக்கும். "ஓரத்துல அரை இஞ்சு விடாம வெட்டிட்டான். இனி இதை எதோட எதச் சேத்துத் தைக்க?" என்று அம்மா புலம்புவாள். நான் உதவி மாஸ்டராக இருந்தபோது ஒரு படத்தொகுப்பாளர் அதே வார்த்தையைச் சொன்னார். "குத்து விழுற இடத்தோட ஷாட்ட நிறுத்திட்டீங்க. அடுத்த ஷாட்டும் அங்கதான் தொடங்குது. எப்படிங்க ஒட்டுறது?" சண்டைக் காட்சியில் ஒரு ஷாட் முடிகிற அசைவை அடுத்த ஷாட்டின் தொடக்கத்திலும் கொஞ்சம் எடுத்து வைக்க வேண்டும். தையலுக்கு விடுகிற துணி அது. வெளியே தெரியாது, ஆனால் அதில்தான் இரண்டு துண்டும் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அதன் பிறகு எந்தக் காட்சியையும் ஓரத்தில் அரை இஞ்சு விட்டுத்தான் எடுத்தேன். வசனக் காட்சியில்கூட, பேசி முடித்தவர் முகத்தில் கேமராவைக் கொஞ்ச நேரம் ஓடவிடுவேன். பல சமயம் அந்த மிச்சத்தில்தான் நடிப்பு கிடைத்தது.

அப்படி நானும் ஒரு படம் எடுத்தேன். பெயர் சொன்னால் தெரிகிற அளவுக்கு அது ஓடவில்லை. எங்கள் பக்கத்துக் கண்மாய்க் கரையிலேயே ஒரு கம்புச் சண்டை வைத்திருந்தேன். வயர் இல்லை, கிராஃபிக்ஸ் இல்லை. நீள லென்ஸ், பிரம்பு, நான்கு ஃபைட்டர்கள். கடைசியாக விழுகிறவன் சேத்தூர்க்காரப் பையன், கம்பில் கெட்டிக்காரன். நாயகன் அவனைத் தட்டி விழத்தாட்டிவிட்டு நடந்து போகிறான். நான் 'கட்' சொல்லவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் பையன் கொஞ்ச நேரம் கிடந்தான். பிறகு கையை ஊன்றி எழுந்தான். வேட்டியைத் தட்டினான். அங்கும் இங்கும் பார்த்துச் செருப்பைத் தேட ஆரம்பித்தான். பதினொரு நொடி.

தொகுப்பாளர் கெஞ்சினார். "அண்ணே, ஹீரோ போனதும் ஆடியன்ஸ் மனசு அவரோட போயிரும். இவன் செருப்பு நமக்கு எதுக்குண்ணே?" பார்த்தவர்களும் அதையே சொன்னார்கள். கை கொடுத்துத் தூக்கிவிட என் நாயகனுக்குத் தெரியவில்லை, அதையாவது நான் செய்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் சிரிப்பார்கள் என்று விட்டுவிட்டேன். பதினொரு நொடியும் படத்தில் இருந்தது.

படம் வந்த இரண்டாம் நாள் அம்மாவை நானே ராஜபாளையத்துக்குக் கூட்டிப்போனேன். கூட்டமில்லை. அவள் கதாநாயகனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பாட்டைப் பற்றியும் சொல்லவில்லை. இடைவேளையில் வாங்கிய முறுக்கை முந்தானையில் முடிந்தபடியே வந்தாள். பஸ் செட்டியார்பட்டி தாண்டியபோதுதான் வாயைத் திறந்தாள்.

"ஐயா, அந்தப் பயலுக்குச் செருப்பு கெடச்சுச்சா?"

"ஒத்தச் செருப்புதாம்மா கெடச்சுது. இன்னொண்ணு கண்மாய்க்குள்ள போயிருச்சு."

"அடப்பாவமே" என்றாள். "புதுசு ஒண்ணு வாங்கிக் குடுத்திருக்கக் கூடாதா நீ?"