ஆயிரம் குன்றுகளும் ஆகாய சஞ்சீவியும்

ஆப்பிரிக்கா என்றதும் பாலைவனமும் சிங்கமும்தான் நம் கண் முன்னே வந்து நிற்கும். ஆனால் ருவாண்டாவில் போய் இறங்கினீர்களோ, வழி தவறி நீலகிரிக்கு வந்து விட்டோமோ என்று திகைத்துப் போவீர்கள்! எங்கு நோக்கினும் குன்றுகள். குன்றுகளின் மேல் தேயிலை, சரிவுகளில் வாழை. 'ஆயிரம் குன்றுகளின் நாடு' என்பது இதன் செல்லப் பெயர். தமிழ்நாட்டை ஐந்து கூறாக்கினால் அதில் ஒரு கூறுதான் தேறும். அதற்குள் 1 கோடியே 30 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள்! 1994-ல் லட்சக் கணக்கானோரைப் படுகொலைக்குப் பறிகொடுத்து, பிறகு மெல்ல எழுந்து நின்ற நாடு இது.

தலைநகர் கிகாலியிலிருந்து சுமார் ஐம்பது கிலோ மீட்டர் தென்மேற்கே முஹாங்கா என்ற ஊர் இருக்கிறது. பஸ் வளைந்து வளைந்து ஏறும்; இறங்கும்; மறுபடி ஏறும். எதிர்க் குன்றில் தெரியும் வீட்டைக் கூப்பிட்டால் குரல் எட்டிவிடும். போய்ச் சேர ஒரு பொழுது ஆகும். மழைக் காலத்தில் மண் பாதையெல்லாம் சேறு.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரு குக்கிராமத்து ஆஸ்பத்திரியில் பிரசவமான பெண்ணுக்கு உதிரப் பெருக்கு நிற்கவில்லை. இரத்தம் வேண்டும், அதுவும் அவளுக்குப் பொருந்தும் பிரிவு வேண்டும். எல்லாப் பிரிவும் எல்லா ஆஸ்பத்திரியிலும் வாங்கி வைக்கலாமென்றால், சிவப்பணுக்கள் 42 நாள் தாங்கும். தட்டணுக்களோ 5 நாளுக்கு மேல் நிற்கா. வைத்தால் வீண், வைக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து!

இந்தச் சிக்கலுக்குத்தான் 2016 அக்டோபரில் முஹாங்காவில் ஒரு வழி பிறந்தது. ருவாண்டா அரசாங்கத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, ஜிப்லைன் என்ற அமெரிக்கக் கம்பெனி அங்கே ட்ரோன் நிலையம் அமைத்தது. ஆளில்லா விமானம் என்றாலே குண்டு போடும் யந்திரம் என்று உலகம் நடுங்குகிறது அல்லவா? இங்கே அது இரத்தம் சுமக்கிறது.

வேலை நடக்கும் விதமே ஒரு வேடிக்கை. ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்ததும் இரத்தப் பையைப் பெட்டியில் கட்டி, விமானத்தின் வயிற்றில் வைக்கிறார்கள். கவணிலிருந்து கல் பாய்வது போல் அது விர்ரென்று பாய்கிறது. மணிக்கு ஏறக்குறைய 100 கிலோ மீட்டர் வேகம். சுமை இரண்டு கிலோவுக்கும் குறைவு. ஆஸ்பத்திரியின் மேலே தாழ்ந்து வந்து, காகிதக் குடை கட்டிய பெட்டியைப் போட்டுவிட்டு, தரையைத் தொடாமலே திரும்புகிறது. நிலையத்தில் இரு கம்பங்களுக்கு இடையே கட்டிய கயிறு அதன் வால் கொக்கியைப் பற்றி நிறுத்துகிறது!

2018-ல் கிழக்கே கயோன்சாவில் இரண்டாவது நிலையம் வந்தது. இந்தச் சேவைக்குப் பின் கெட்டுப் போகும் இரத்தம் 67 சதவிகிதம் குறைந்தது என்று 2022-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று கூறியது.

இரத்தத்தோடு கதை முடியவில்லை. கால்நடைகளுக்குத் தடுப்பு மருந்தும், பன்றிகளுக்குச் சினை ஊசிச் சரக்கும் இதே வழியில் போகலாயின. நல்ல ஜாதிக் குட்டி ஒன்று குடியானவனுக்கு எத்தனை பெரிய சொத்து என்பதை நீங்களே அறிவீர்கள். கவணை இயக்குவதும், பழுது பார்ப்பதும், வானில் கண்காணிப்பதும் அந்நாட்டு இளைஞர்களும் யுவதிகளுமே. முன்பு இத்தகைய உத்தியோகம் அந்தக் குன்றுகளில் ஏது?

ஆனாலும் ஒன்றை மறக்கலாகாது. யந்திரம் அந்நியருடையது, கட்டணம் கொடுப்பது ஏழை நாட்டின் கஜானா. ஒரு நிலையத்தில் வேலை கிடைப்பதும் சிலருக்குத்தான். பறக்க விடக் கற்ற கைகள், நாளை அதைப் படைக்கவும் கற்றால்தான் லாபம் முழுதும் ஊரிலே தங்கும். அதற்கு முதல் படி பறப்பதைக் கண்ணால் காண்பதுதானே?

நீங்கள் முஹாங்காவுக்குப் போனால் வேலி ஓரம் சற்று நில்லுங்கள். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள் அங்கே கூடியிருப்பது உண்டு. விமானத்தைப் பார்த்தது போதும். அந்தக் கண்களைப் பாருங்கள்!