வீட்டுக்குள் ஒரு வந்தவாசிப் போர்

1760ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள் எங்கள் ஊரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டனர். அயர் கூட் வென்றார், லாலி தோற்றார், புஸ்ஸி சிறைப்பட்டார் என்று பாடநூலில் நான்கு வரிகள் வரும். வந்தவாசிக்காரன் என்று சொல்லிக்கொண்டால் வெளியூர் நண்பர்கள் இரண்டே செய்திகளைத்தான் பேசுவார்கள். ஒன்று இந்தப் போர், மற்றொன்று கோரைப்பாய். என் மகள் பிறந்ததும் ஜனவரி 22 என்பதால் ஆண்டுதோறும் அந்நாளில் எவராவது ஒருவர் இந்தப் போரைச் சொல்லிச் சிரிப்பது வழக்கம். இவ்வாண்டு அவளுடைய ஏழாவது பிறந்தநாளை முன்னிட்டு எங்கள் வீட்டுக்குள்ளேயே அப்படியொன்று நடந்தது. அதை எழுதுவதற்கு முன் சென்ற ஆண்டு நடந்ததை எழுதியாக வேண்டும். எழுத மனம் கூசுகிறது.

ஆறாவது பிறந்தநாளுக்குக் கடைத்தெருவில் கிடைத்த எல்லாவற்றையும் வாங்கி வந்திருந்தேன். பொன்னிறத்தில் ஊதிப் பெருக்கும் எழுத்துகள், நூறு பலூன்கள், மினுமினுக்கும் இழைத்திரை, தெர்மாகோலில் வெட்டிய மகளின் பெயர், உள்ளே மெழுகு போல் நெகிழி பூசிய காகிதக் குவளைகள், வெடித்தால் வண்ணத்துகள் சிதறும் குழாய்கள். மாலை ஆறு மணிக்குத் தொடங்கிய கொண்டாட்டம் எட்டு மணிக்கு முடிந்துவிட்டது. விருந்தினர் சென்றபின் கூடத்தைப் பெருக்கினோம். மூன்று சாக்குகள் நிறைந்தன. மறுநாள் காலை அவற்றைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. குப்பை வண்டி வரும்வரை பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை. கொல்லைப்புறத்தில் முருங்கை மரத்தடியில் கொட்டித் தீ வைத்தேன்.

தெர்மாகோல் எரிவதை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு அந்தக் கரும்புகையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டைரீன் உள்ளிட்ட நச்சுகள் அதில் உண்டு. கண்ணுக்குத் தெரியும் கரித்தூளைவிட, தலைமயிரின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கே உள்ள நுண்துகள்கள்தாம் நுரையீரலின் ஆழம்வரை செல்பவை. இவையெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை. அன்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: கொல்லைத் திண்ணையில் என் அம்மா உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இருபது ஆண்டுகளாக இழைப்பு நோய் உண்டு.

இரவு பதினொரு மணிக்கு அம்மாவுக்கு மூச்சு முட்டியது. இரண்டு இரவுகள் மருத்துவமனையில் கிடந்தாள். மருத்துவர் என்னைப் பார்த்து, "வீட்டில் புகை ஏதேனும் உண்டா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். பொய். அரை மணி நேரம் கழித்து அவருடைய அறைக்குத் திரும்பிப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆகவே இவ்வாண்டு ஒரு முறை பயன்படுத்தி எறியும் பொருள் ஒன்றுகூட வீட்டுக்குள் வரக்கூடாது என்று மார்கழியிலேயே அறிவித்துவிட்டேன். சட்டத்தையும் துணைக்கு அழைத்தேன். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நெகிழித் தட்டு, நெகிழி பூசிய காகிதக் குவளை, நெகிழிக் கொடி முதலிய பதினான்கு வகைப் பொருட்களுக்குத் தடை. நாடு முழுமைக்குமான தடை 2022 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்தப் பட்டியலில் அலங்காரத் தெர்மாகோலும் உண்டு, பலூனைத் தாங்கும் நெகிழிக் குச்சியும் உண்டு. பலூன் இல்லை! குற்றவாளியை விட்டுவிட்டு அவன் கையிலிருந்த குச்சியைச் சிறையில் அடைத்த கதை. ரப்பர் பலூன் மரப்பாலில் செய்ததுதானே, மக்கிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. மக்கும், ஆனால் நிறமியும் வேறு வேதிப்பொருட்களும் கலந்திருப்பதால் மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் கிடந்தபிறகே மக்கும். (முதல் ரப்பர் பலூனைச் செய்தவர் மைக்கேல் ஃபாரடே. 1824இல் இலண்டனில் ஹைட்ரஜன் வாயுவைச் சோதிப்பதற்காகச் செய்தார். இருநூறு ஆண்டுகளில் அது எங்கள் கூடத்துக்கு வந்து சேரும் என்று அந்தப் பெரியவர் நினைத்திருக்கமாட்டார்.)

மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். அவள் அழுதாள். வகுப்பில் எல்லோர் வீட்டிலும் பலூன் கட்டுகிறார்கள், எனக்கு மட்டும் ஏன் இல்லை என்பதே அவளுடைய ஒரே கேள்வி. ஆயாவுக்குச் சென்ற ஆண்டு ஏன் உடம்பு சரியில்லாமல் போயிற்று தெரியுமா என்று சொல்ல வாயெடுத்தேன். என் மனைவி கண்ணாலேயே தடுத்துவிட்டாள். அன்றிரவு அவள் சொன்னதை இங்கே அப்படியே எழுதுகிறேன்: "தீ வச்சது நீங்க. உங்க பாவத்தைப் பிள்ளையோட பிறந்தநாள்ல கழுவாதீங்க."

மறுமொழி சொல்ல என்னிடம் ஏதுமில்லை. சூழலைப் பற்றி நான் பேசியவற்றில் பாதி உண்மை. மீதிப் பாதி குற்றவுணர்ச்சி. அதற்கான செலவை ஏழு வயதுக் குழந்தையின் கணக்கில் எழுதப் பார்த்திருக்கிறேன். இரண்டு நாட்கள் வீட்டில் எவரும் இதைப் பற்றிப் பேசவில்லை. நூறு பலூனும் வாங்கிக் கொடுத்துவிடலாமா என்றுகூட எண்ணினேன்.

மூன்றாம் நாள் அம்மா திண்ணையில் உட்கார்ந்து பனையோலை ஒன்றை நகத்தால் கிழித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் என் மகள். சற்று நேரத்தில் ஓலை ஒரு காற்றாடியாயிற்று. கருவேல முள்ளில் குத்தி, பிள்ளையின் கையில் கொடுத்து, "ஓடு" என்றாள். தெருக்கோடி வரை ஓடித் திரும்பியவள், "ஆயா, இன்னும் பத்து வேணும்" என்றாள். அம்மா என்னைப் பார்த்து, "போய் ஓலை வெட்டினு வாடா. இன்னா பாத்துனு நிக்கிற?" என்றாள்.

அம்மா சிறுமியாக இருந்தபோது பக்கத்துத் தெருவில் பாய் நெய்யும் வீடொன்றில் கூலிக்குக் குச்சி செருகியவள். தரைத்தறியில் பாய் நெய்ய இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அச்சை இழுத்து அடிப்பார்; மற்றவர் நீண்ட குச்சியின் நுனியில் கோரையைப் பற்றவைத்துப் பாவுநூல்களின் ஊடே ஒரு பக்கமிருந்து மறுபக்கம் செலுத்துவார். ஈரக் கோரை கையை அறுக்கும். அந்தத் தழும்பு அவளுடைய ஆள்காட்டி விரலில் இன்றும் இருக்கிறது. இப்போது விசைத்தறிகள் வந்துவிட்டன. நெகிழிப் பாய்களும் வந்து கோரையின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டன. அவளுடைய விரல்கள் மட்டும் எதையும் மறக்கவில்லை.

பிறகு ஒரு வாரம் வீடு பட்டறையாக மாறியது. பத்தமடைப் பாயில் மணமக்களின் பெயரை நெய்வார்கள் என்று சொன்னேன். வந்தவாசிப் பாய் படுப்பதற்கான முரட்டுப் பாய். அந்த நுணுக்கம் இதற்கு வராது என்றாள் அம்மா. எனவே சாயம் தோய்த்த கோரையைத் துண்டு துண்டாக வெட்டி, சிறிய பாயொன்றின் மீது தைத்து மகளின் பெயரை எழுதினோம். முதலெழுத்து சற்றே சாய்ந்துவிட்டது. பிரிக்க வேண்டாம், அது என் எழுத்து மாதிரியே இருக்கிறது என்று மகள் சொல்லிவிட்டாள்.

தென்னங்குருத்தோலையில் தோரணம் கட்டும் வேலை எனக்கு. நான் மடித்துத் தொங்கவிட்ட முதல் ஓலையைக் கண்டதும் அம்மா பதறி எழுந்துவந்து பிரித்துப்போட்டாள். மங்கலத் தோரணத்துக்கு ஒரு மடிப்பு, துக்க வீட்டுத் தோரணத்துக்கு வேறு மடிப்பாம். நாற்பத்திரண்டு வயதில் இது எனக்குத் தெரியாது. பொன்னிற பலூனை எப்படி மாட்டினாலும் தவறாகாது என்பது அதன் வசதி. அதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்பதும் உண்மை.

கொடிகளுக்குத் துணி தேடியபோது அம்மா தன் பெட்டியிலிருந்து அரக்கு நிற ஆரணிப் பட்டு ஒன்றை எடுத்துவந்தாள். என் காதுகுத்துக்கு உடுத்திய சேலை. ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்ததால் மடிப்புகளின் ஓரமெல்லாம் இழை விட்டிருந்தது. வேண்டாம் என்றோம். "கட்ட முடியாத சேலையை வச்சிக்கினு இன்னா பண்றது?" என்று கத்தரிக்கோலைத் தானே வாங்கி வெட்டத் தொடங்கினாள். முதல் வெட்டின்போது அவள் கை ஒரு கணம் நின்றதைப் பார்த்தேன். ஏழு முக்கோணக் கொடிகள். ஆண்டுக்கொன்று சேர்த்துக்கொள்ள மீதித் துணியை மடித்து வைத்தாள்.

ஜெர்மனியில் பல வீடுகளில் பிறந்தநாளுக்கென்று மரவளையம் ஒன்று வைத்திருக்கிறார்கள். வயதுக்கேற்ப அதில் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். விழா முடிந்ததும் பத்திரப்படுத்தி மறு ஆண்டு அதையே எடுப்பார்கள். நமக்கு இது புதிதல்ல. நவராத்திரிக்குப் பரணிலிருந்து கொலுப் பொம்மைகளை இறக்குவதில் உள்ள மகிழ்ச்சியில் பாதி, சென்ற ஆண்டு பார்த்த முகங்களை மறுபடி பார்ப்பதுதான். மூக்கு உடைந்த செட்டியாரை எவரும் தூக்கி எறிவதில்லை. அந்த மரியாதையைப் பிறந்தநாள் அலங்காரத்துக்கு நாம் ஏனோ கொடுக்கவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு ஏதோ தூய வாழ்வு வாழ்வதாக என்னை எவரும் நினைத்துவிட வேண்டாம். குழந்தைகள் உட்காரக் கூடத்தில் விரித்த பாயின் விளிம்பில் பாவுநூல் ஒன்று பிரிந்திருந்தது. இழுத்துத் தீக்குச்சி காட்டினேன்; உருகிச் சுருண்டது. நைலான். தென்னங்குருத்தும் ஏதோ ஒரு மரத்தின் உச்சியிலிருந்து வெட்டியதுதான். ஒரு வார உழைப்பில் பெரும்பகுதி என் மனைவியுடையதும் அம்மாவுடையதும் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. ஆண்கள் சூழலைக் காக்கப் புறப்பட்டால் டம்ளர் கழுவும் வேலை பெண்களுக்குக் கூடுகிறது. இம்முறை நாற்பது எவர்சில்வர் டம்ளர்களையும் நானே கழுவினேன். அது வீரமல்ல, கணக்குத் தீர்த்தல்.

பிறந்தநாளன்று வாசலில் செம்மண் பட்டையிட்ட கோலம், நிலைப்படியில் மாவிலை, இருபுறமும் கோழிக்கொண்டையும் சாமந்தியும். பொங்கல் முடிந்து ஒரு வாரந்தான் ஆகியிருந்தது. சந்தையில் இரண்டு பூவும் மலிவாகக் கிடைத்தன. பதினெட்டுக் குழந்தைகள் வந்தார்கள். வந்ததும் முதல் சிறுவன், "பலூன் எங்கே?" என்றான். என் மகள் முகம் வாடிப்போனதைப் பார்த்தேன். அந்தக் கணத்தில் எனக்கு எல்லாமே தவறாகப் பட்டது. உறவினர் ஒருவர், "செலவை மிச்சம் பிடிச்சிட்டியாப்பா" என்று சிரித்தார். ஓலைக் காற்றாடி கைக்கொன்றாக வந்ததும் தெரு முழுவதும் ஓட்டம் பிடித்தது. எல்லோரும் மனம் மாறிவிட்டார்கள் என்று எழுத ஆசைதான். இல்லை, இரண்டு குழந்தைகள் கடைசிவரை பலூன் கேட்டார்கள். ஒருத்தி காற்றாடி முள்ளில் விரலைக் குத்திக்கொண்டு அழுதாள்.

விருந்து வாழையிலையில். கடைசி இலை வரை எதிர்வீட்டு மாடு தின்று தீர்த்தது. பெருக்கி எடுத்ததில் ஒரு முறம் குப்பை தேறியது, எருக்குழியில் போட்டேன்.

இரவு எல்லோரும் உறங்கியபின் அம்மா திண்ணைக்கு வந்தாள். கொல்லையைப் பார்த்தபடி, "போன வருஷம் அந்தப் புகை எதுனாலன்னு பாப்பாகிட்ட எப்பவும் சொல்லாதே" என்றாள். அவளுக்குத் தெரியும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. ஓராண்டாக அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. "சரிம்மா" என்றேன். வேறென்ன சொல்வது?

மறுநாள் தோரணங்களை இறக்கினோம். பட்டுக் கொடிகளை மகளே மடித்துப் பெட்டியில் வைத்தாள். பெயர் எழுதிய பாயைச் சுருட்டி அதன்மேல் வைத்தாள். மூடப்போகும் நேரத்தில் நிமிர்ந்து, "அடுத்த வருஷம் ஒரே ஒரு பலூன் கட்டலாமாப்பா?" என்று கேட்டாள்.

மனைவியைப் பார்த்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

"ஒன்னு" என்றேன்.

"நீலம்" என்றாள்.