வளையல் அளவு சொன்ன சேதி

ஆடி 17, 18 வல்வில் ஓரி விழா வந்தால் எங்கள் கொல்லிமலையில் பெண்பிள்ளைகளுக்குப் புது வளையல் வாங்காமல் தீராது. 2023-ல் என் மகளுக்கு 2-6 அளவு எடுத்தோம். அடுத்த ஆடியில் 2-4 கையோடு நழுவி விழுந்தது. வளையல்காரம்மா 2-2 எடுத்துப் போட்டுவிட்டு, "என்ன கண்ணு, சோறு திங்கறதில்லையா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

நாமக்கல்லில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவள். லீவுக்கு வந்தால் "இப்பத்தாம்மா சாப்பிட்டேன்" என்பாள். சோற்றைப் பிசைந்து தட்டின் ஓரத்தில் ஒதுக்குவாள். வயசுப் பெண், அழகு பார்க்கிறாள் என்று விட்டுவிட்டேன். சாமைக் கஞ்சி மட்டும் கேட்பாள், இளைக்குமாம்! அவள் அப்பாயி சிரித்தாள்: "காடு உழ, மலை ஏறத் தெம்பு வேணும்னு சாமை தின்னோம். இளைக்கவா தின்னோம்?" சாமை, தினை விளைந்த காட்டில் பாதிக்கு மேல் ஜவ்வரிசி ஆலைக்கு மரவள்ளி போட்டாயிற்று. இப்போது அதே சாமையை எடை குறைக்க விற்கிறார்கள்!

முதலில் பார்த்த டாக்டர் ரத்தசோகை என்று டானிக் கொடுத்தார். அடுத்துப் போன லேடி டாக்டர்தான் என்னை வெளியே உட்காரச் சொல்லி அவளிடம் தனியாகப் பேசினார். நாலு மாதமாகத் தூரம் வரவில்லையாம். எப்போதும் குளிர், கொத்துக் கொத்தாக முடி உதிர்வு, கையில் பூனை ரோமம். எலும்பும் தோலுமாக இருந்தும் கண்ணாடியில் குண்டாகத் தெரிகிறதாம். இதற்கு அனரெக்ஸியா நெர்வோசா என்று பெயர். 1873-லேயே இங்கிலாந்து டாக்டர் வில்லியம் கல் வைத்த பெயர். மனசின் நோய், உடம்பைத் தின்கிறது. மனநல மருத்துவரிடம் அனுப்பினார்.

அங்கேதான் எனக்கு அடி விழுந்தது. "எப்போது ஆரம்பித்தது?" என்று கேட்டதற்கு அவள் சொன்னாள், காலேஜ் சேரும்போது அளவெடுத்த டெய்லரம்மா எதிரில் நான், "இவளுக்கு மீட்டர் கணக்கில்லே துணி போகுது!" என்று சிரித்தேனாம். எனக்கு ஞாபகம்கூட இல்லை. ஒரு பேச்சினால் மட்டும் இந்த நோய் வராது என்று டாக்டர் சமாதானம் சொன்னார். இருந்தாலும் அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

வீட்டுக்கு வந்ததும் நெய்யும் முட்டையுமாகத் திணிக்கப் பார்த்தேன். நல்லவேளை, டாக்டர் முன்பே தடுத்திருந்தார். பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று அதிகம் கொடுத்தால் ரத்தத்தில் உப்புச் சத்துகள் தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாம். கொஞ்சம் கொஞ்சமாக, வேளை தவறாமல், எல்லாரும் கூட உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எடை பார்ப்பது ஆஸ்பத்திரியில் மட்டும். எங்களைப் போல மலைமேல் இருந்துகொண்டு 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஓட முடியாதவர்கள் 14416-க்குப் போன் செய்யலாம். அரசின் டெலி மானஸ், தமிழிலேயே இலவசமாகப் பேசுகிறார்கள்.

2025-ல் கேரளத்தில் 18 வயதுப் பெண் ஒருத்தி இளைக்கவென்று பட்டினி கிடந்து இறந்த செய்தி வந்தது. அந்தப் பத்திரிகையை மகள் கண்ணில் படாமல் மடித்து அரிசிப் பானைக்குள் வைத்தேன்.

இப்போது தூரம் ஒழுங்காக வருகிறது. வளையல் 2-4 நிற்கிறது. போன மாதம் ஒரு கல்யாணத்தில் என் நாத்தனார் ஆசையாக, "உடம்பு தேறிட்டியே கண்ணு!" என்றாள். அவ்வளவுதான், பிள்ளை இலையை மூடிவிட்டாள். நாத்தனாரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். "நல்லதுதானே அண்ணி சொன்னேன்?" என்று அவள் விழித்தாள். ராத்திரி வீட்டில் இரண்டு பேரும் ஒரே தட்டில் ரசஞ்சோறு சாப்பிட்டோம். பாதி சாப்பிட்டாள்.