ஈளையும் உணவும்

ஈளை நோயுடையார்க்கு உணவு விதி கூறாதார் இந்நாட்டில் அரியர். தயிர் ஆகாதென்பார் ஒருவர். வாழைப்பழம் நஞ்சென்பார் மற்றொருவர். ஆரஞ்சு, கொய்யா, வெண்டைக்காய், இளநீர் என விலக்குப் பட்டியல் நீண்டுகொண்டே செல்லும். சிறு பிராயந்தொட்டே இந்நோயுடன் வாழும் எமக்கு, இல்லத்தார் அன்பு மிகுதியால் இவையனைத்தையும் விலக்கி வைத்தனர். மார்கழிப் பனியோ அதனைச் சிறிதும் பொருட்படுத்தவில்லை. யாம் மெலிந்ததே கண்ட பலன்.

கல்லூரி விடுதி புகுந்த பின்னர் எம்மைச் சோதித்த மருத்துவர், பட்டியல் எதுவும் தாராது, குறிப்பேடொன்று வைத்துக்கொள்ளுமாறு பணித்தனர். உண்டது யாது, எந்நேரத்தில் உண்டோம், அன்று அறை பெருக்கப்பட்டதா, இரவு மூச்சு எவ்வாறிருந்தது என நாடோறும் எழுதி வந்தோம். ஐயத்திற்குரிய உணவுகளை ஒவ்வொன்றாகவே உண்டு நோக்கினோம். (நிலக்கடலை, இறால் முதலியவற்றால் உடல் தடித்து மூச்சடைத்தவர் இதனைத் தாமே செய்தல் தகாது, அது மருத்துவர் முன்னிலையில் செய்யத்தக்கது.)

ஈராண்டுக் குறிப்புகளில் தயிரும் வாழைப்பழமும் குற்றமற்றவையாக விடுதலை பெற்றன. குற்றவாளிகளோ பெரும்பாலும் உணவுக்கூடத்திற்கு வெளியே நின்றனர்: பெட்டியினின்று எடுத்த கம்பளியின் தூசி, சாம்பிராணிப் புகை, மழைக்குப்பின் திடலோரம் பூத்து நிற்கும் பார்த்தீனியச் செடி. உணவில் அகப்பட்டவை இரண்டே. ஒன்று, நேரங்கழித்து வயிறு நிரம்ப உண்டு உடனே படுத்தல். படுத்தவுடன் இரைப்பைப் புளிப்பு மேலேறித் தொண்டையையும் மூச்சுக்குழலையும் உறுத்துவதுண்டு. ஏழரை மணிக்குள் அளவாக உண்ணத் தொடங்கிய பின்னர் எம் இருமல் பெரிதும் தணிந்தது. மற்றொன்று, கிறிஸ்துமஸ் கேக்கிற்கென வைத்திருந்த பொன்னிற உலர் திராட்சை. நிறம் மங்காதிருக்க அதற்குக் கந்தகப் புகையூட்டுவர். அதிற்றங்கும் சல்பைட்டு ஈளையுடையார் சிலர்க்கு ஒவ்வாது. அச்சிலருள் யாமும் ஒருவரென்பது இரு மாலைகளில் தெளிவாயிற்று. கறுப்புத் திராட்சை எம்மை ஒன்றுஞ் செய்யவில்லை.

மலைத்தேன் பற்றியும் கூறவேண்டும். தேனிலுள்ள மகரந்தம் தும்மலை மாற்றுமென நண்பர் பலர் புட்டி புட்டியாகக் கொணர்ந்தனர். தும்மல் விளைப்பது பெரும்பாலும் காற்றில் மிதக்கும் புல் முதலியவற்றின் மகரந்தம். தேனீ நாடுவதோ பெரும்பாலும் வேறு மலர்களை. தேன் தொண்டைக்கு இதமாயிருந்தது, தும்மல் நிற்கவில்லை. காப்பிக்கு இதனினும் மேலான சான்றுண்டு. தாமே ஈளையால் வருந்திய ஆங்கில மருத்துவர் ஹென்றி ஹைட் சால்டர், 1860-இல் வெளியிட்ட நூலில் கடுங்காப்பியைப் பரிந்துரைத்தார். அதிலுள்ள காபீன் மூச்சுக்குழலைச் சிறிது விரிக்குமென்பது இன்று தெளிந்த உண்மை. ஆயினும் அது மிகச் சிறிதே.

அச்சிறுமையை யாம் நேரிற் கண்டதுமுண்டு. சென்ற ஆண்டு பக்கத்தறை மாணவர் ஒருவர், ஒரு மண்டலம் பத்தியங் காக்கும் எண்ணத்துடன் தம் இன்ஹேலரைப் பெட்டியிலிட்டுப் பூட்டினர். மூச்சுக்குழலின் அழற்சியை நாடோறும் அடக்கி வந்தது அம்மருந்தே. மூன்றாம் வாரத்தில் ஒருநாள் நள்ளிரவு அவர் சுவரைத் தட்டிய ஓசை கேட்டு ஓடினோம். பேச இயலவில்லை, உதடு நீலம் பாய்ந்திருந்தது. காவலாளி ஆட்டோ கொணரும் வரையில் அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, பூட்டை உடைத்து, நிவாரண இன்ஹேலரை வாயிற் பொருத்தினோம். நான்கு நாட்கள் மருத்துவமனையிலிருந்து மீண்டனர்.

இப்பொழுது அவரும் குறிப்பேடு எழுதுகின்றனர். நண்பகலில் எம்முடன் தயிர்ச்சோறு உண்கின்றனர். சட்டைப்பையில் இன்ஹேலர் இருக்கின்றது. வெண்டைக்காய் மட்டும் இன்னும் அவர்க்கு விசாரணையிலுள்ளது.